வீட்டில் விழும் சாவும் பிரேதப் பரிசோதனையும்

தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால், அழுகைச் சத்தம் அடங்குவதற்குள் ஒரு கேள்வி எழும்பிவிடுகிறது. "போலீசுக்குச் சொல்லணுமா? சொன்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்களே! அங்கே அறுத்துடுவாங்களே!" ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் என்று எந்தப் பக்கம் போனாலும் இதே பயந்தான். பெரியவர்கள் ஒன்று சொல்வார்கள், இளவட்டங்கள் வேறொன்று சொல்வார்கள். கடைசியில் யாராவது ஒருவர், "எதுக்கு வீண் வம்பு? நெஞ்சு வலின்னு சொல்லி இன்னைக்கே எடுத்துடுவோம்" என்று முடிவு கட்டிவிடுவார்.

அந்த அவசர முடிவால் பின்னால் கஷ்டப்படுவது யார்? செத்தவர் அல்ல, அவர் விட்டுப் போன மனைவி மக்கள்தாம். ஆகவே, பிரேதப் பரிசோதனை எப்போது கட்டாயம், எப்போது தேவையே இல்லை, அந்த நேரத்தில் குடும்பத்தார் என்ன செய்ய வேண்டும் என்பதை இந்த வாரம் தோட்டத்து அன்பர்களுக்கு விளக்கமாகச் சொல்ல விரும்புகிறோம். சாவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று யாரும் இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட வேண்டாம்.

அன்று டிரஸர் இருந்தார்

பால்மரக் காலத்தில் இந்தக் குழப்பம் இவ்வளவு இல்லை. பெரிய தோட்டங்களில் தோட்டத்து ஆஸ்பத்திரி இருந்தது; டிரஸர் இருந்தார். எந்த லயத்தில் யாருக்கு இழுப்பு, யாருக்கு இனிப்புநீர், யாருக்கு ரத்தக் கொதிப்பு என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இந்த டிரஸர்மாரைப் பதிவு செய்வதற்கென்றே 1965இல் ஒரு சட்டமும் வந்தது. சாவு விழுந்தால் முதலில் ஓடுவது அவரிடந்தான். "இவருக்கு ஆறு மாசமா நானே மருந்து கொடுத்துக்கிட்டு வர்றேன்" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் விஷயம் புரிந்துவிடும்.

இன்று நிலைமை வேறு. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன. லயத்தில் இருந்த சனங்கள் தாமான்களுக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் குடி போய்விட்டார்கள். பத்தாங் பெர்ஜுந்தை என்ற பெயரே 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று மாறிவிட்டது. ஒருவர் வைத்தியத்துக்கு இன்றைக்கு அரசாங்கக் கிளினிக், நாளைக்குத் தனியார் டாக்டர், மறுநாள் நாட்டு மருந்து என்று மூன்று இடம் போகிறார். இறந்த அன்று, "இவருக்கு இன்ன நோய் இருந்தது" என்று உறுதியாகச் சொல்ல அக்கம்பக்கத்தில் ஆள் இல்லை. அதனால்தான் அந்தக் கேள்வியை இப்போது போலீசும் டாக்டரும் கேட்க வேண்டியிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இதற்குத் தனி அத்தியாயமே இருக்கிறது. அதன் 13ஆம் பிரிவு நம் எல்லாருக்கும் பொதுவானது. திடீர்ச் சாவு, இயற்கைக்கு மாறான சாவு, வன்முறையால் நேர்ந்த சாவு, சந்தேகத்துக்குரிய சாவு, எப்படிச் செத்தார் என்றே தெரியாமல் கிடக்கும் பிரேதம் ஆகியவற்றை அறிந்தவர் யாராக இருந்தாலும் பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்கோ பெங்குளுவுக்கோ தகவல் கொடுத்தாக வேண்டும். "எனக்கெதுக்கு?" என்று ஒதுங்கிப் போக முடியாது.

தகவல் கிடைத்த பிறகு போலீஸ் செய்ய வேண்டியதை 329ஆம் பிரிவு சொல்கிறது. ஒருவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டாலோ, வேறொருவர் கையாலோ மிருகத்தாலோ யந்திரத்தாலோ விபத்தாலோ இறந்திருந்தாலோ, இறந்த விதமே தெரியாவிட்டாலோ, போலீஸ் அதிகாரி சம்பவ இடத்துக்கு வந்து விசாரிக்க வேண்டும். சாவு திடீரென்று வந்தது, இயற்கையாக வரவில்லை, அல்லது இன்னொருவர் செய்த சட்டவிரோதச் செயலால் வந்தது என்று சந்தேகப்பட அவருக்குக் காரணம் இருந்தால், அரசாங்க டாக்டருக்குத் தெரிவித்துப் பிரேதத்தைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்கிறது 330ஆம் பிரிவு.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். "வீட்டில் செத்தால் அறுக்க வேண்டும்" என்று சட்டம் எங்கேயும் சொல்லவில்லை. சாவு நடந்த இடம் எது என்பதல்ல விஷயம். சாவுக்குக் காரணம் தெரியுமா, தெரியாதா என்பதுதான் விஷயம். காரணம் தெளிவாகத் தெரிந்தால் கத்திக்கு அங்கே வேலை இல்லை.

மூன்று வீடுகள்

இதை மூன்று வீடுகளை வைத்துப் பார்ப்போம்.

முதல் வீட்டில் எழுபத்தைந்து வயதுத் தாத்தா. பல வருஷமாக இனிப்புநீர். சிறுநீரகம் கெட்டு ரத்தம் சுத்திகரிக்கப் போய்வந்தவர். கிளினிக் புத்தகம் இருக்கிறது, மருந்துப் பை இருக்கிறது, ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறது. விடியற்காலையில் உறக்கத்திலேயே உயிர் போய்விட்டது. பார்க்கும் டாக்டருக்கு இந்தச் சீட்டுகளே பெரும்பாலும் போதும். உடம்பில் காயமோ வேறு சந்தேகமோ இல்லாதபோது பிரேதப் பரிசோதனைக்கு அவசியம் இராது.

இரண்டாவது வீட்டில் நாற்பது வயதுக் குலை வெட்டுக்காரர். எந்தக் கிளினிக்குக்கும் போனதில்லை. "எனக்கென்ன, இரும்பாட்டம் இருக்கேன்" என்பவர். ராத்திரி சாப்பிட்டுப் படுத்தார், காலையில் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பாக இருக்கலாம், மூளையில் ரத்தம் கசிந்திருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். வெறும் கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. இது திடீர்ச் சாவு. இங்கே போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். பரிசோதனைக்கு உத்தரவு வந்தால் ஆச்சரியப்படுவதற்கில்லை.

மூன்றாவது வீடுதான் நம் மக்கள் அதிகம் ஏமாந்து போகிற வீடு. திங்கட்கிழமை வேலைக்காட்டில் குலை விழுந்தோ டிராக்டரிலிருந்து சறுக்கியோ ஒருவருக்குத் தலையில் அடி. "ஒண்ணுமில்லே, தைலம் தேய்ச்சாச் சரியாப் போயிடும்" என்று வீட்டுக்கு வந்துவிடுகிறார். செவ்வாய் தலைவலி, புதன் வாந்தி, வியாழன் மயக்கம், அன்றிரவு மரணம். மண்டைக்குள்ளே ரத்தம் மெதுவாகக் கசிந்து, சில நாள் கழித்து ஆளைக் கொல்லுவது உண்டு. இவர் உயிர்விட்டது வீட்டுப் பாயில்தான். ஆனால் சாவை உண்டாக்கியது வேலைக்காட்டு விபத்து. சட்டப்படி இது விபத்துச் சாவு. "காய்ச்சல்ல போயிட்டார்" என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த விபத்தும் அவரோடு சேர்ந்து எரிந்து போய்விடும்.

எரித்த பிறகு என்ன மிஞ்சும்?

சொக்சோ என்று நாம் சொல்லும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1969இல் வந்தது. சந்தா கட்டும் தொழிலாளி வேலையால் ஏற்பட்ட விபத்தினால் இறந்தால் அவருடைய மனைவி மக்களுக்குச் சார்ந்தோர் உதவித்தொகை உண்டு. வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பி வரும் வழியிலும் நடக்கும் விபத்தும் இதில் சேரும். 2019 முதல் சட்டப்படி வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் சேர்க்கப்பட்டார்கள். வேறு நோயினால் இறந்தவர் குடும்பத்துக்கு உள்ள பென்ஷனுக்கு விதி வேறு, தகுதி வேறு.

ஆக, "எதனால் செத்தார்?" என்ற கேள்வி ஒரு விதவையின் அரிசிப் பானையோடு சம்பந்தப்பட்ட கேள்வி. விபத்து நடந்ததற்குக் கங்காணி சாட்சி சொல்லலாம், கூட வேலை செய்தவர் சொல்லலாம். ஆனால் அந்த விபத்துதான் உயிரைக் கொண்டுபோனது என்று சொல்ல டாக்டரின் அறிக்கைதான் பலமான சாட்சி. அந்தச் சாட்சியைச் சுடுகாட்டில் வைத்து எரித்துவிட்டுப் பிறகு எந்த ஆபீஸ் படியேறி என்ன பயன்? புதைத்த பிரேதத்தையாவது தோண்டி எடுத்துப் பார்க்க மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். அதற்கு 335ஆம் பிரிவில் வழி இருக்கிறது. சாம்பலுக்கு அந்த வழியும் இல்லை.

மருந்தும் மதுவும்

தோட்டத்தில் இன்னும் இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று களைக்கொல்லி. மருந்தடித்தவர்கள் பாராகுவாட் என்ற பெயரை மறந்திருக்க மாட்டார்கள். அது உடம்புக்குள் போனால் ஆள் உடனே சாவதில்லை. எழுந்து நடப்பார், பேசுவார். அதற்குள் நுரையீரல் கெட்டுச் சில நாளிலோ சில வாரத்திலோ மூச்சு முட்டிப் போய்விடுவார். பார்க்கிறவர்களுக்கு அது சாதாரண நெஞ்சுச் சளி மாதிரிதான் தெரியும். 1-1-2020 முதல் நம் நாட்டில் அந்த மருந்து தடை செய்யப்பட்டிருக்கிறது. ஆனாலும் வேறு மருந்துகள் ஓய்ந்துவிடவில்லை. குடிநீர்ப் போத்தலில் மருந்தை ஊற்றி வைக்கும் பழக்கமும் ஓயவில்லை.

இன்னொன்று மலிவுச் சாராயம். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து 20க்கும் மேற்பட்டவர்கள் மாண்டதை மறக்க முடியுமா? குடித்த அன்றைக்கு அது சாதாரண போதையாகத்தான் தெரியும். பல மணி நேரம் கழித்துத்தான் கண் மங்கும், மூச்சு வாங்கும். ஒவ்வொரு வீட்டாரும் "குடிகாரன், குடிச்சே செத்தான்" என்று தலையைக் குனிந்துகொண்டு எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதே சரக்கு கடைகளில் விற்றுக்கொண்டே இருந்திருக்கும். இன்னும் எத்தனை பேர் போயிருப்பார்களோ! ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்ததனால்தான் விஷம் இன்னதென்று தெரிந்தது. சரக்குகளைத் தேடிப் பிடித்தார்கள்.

டிங்கியும் எலிக்காய்ச்சலும் அப்படியே. ஒரு வீட்டுச் சாவுக்குக் காரணம் தெரிந்தால் அடுத்த வீட்டுப் பிள்ளை பிழைக்கும்.

வெட்கத்தால் மறைப்பது

சொல்லவே வாய் கூசும் ஒரு விஷயமும் உண்டு. வீட்டில் ஒருவர் மனம் வெறுத்து உயிரை மாய்த்துக்கொண்டால், "குடும்ப மானம் போகுமே" என்று மறைக்கப் பார்க்கிறார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309ஆம் சட்டப் பிரிவே 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. தப்பிப் பிழைத்தவரைத் தண்டிக்காமல் வைத்தியம் பார்த்துக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் இன்றைய எண்ணம். ஆனால் சாவை மறைப்பது இன்றும் குற்றந்தான். தகவல் சொல்லக் கடமைப்பட்டவர் சொல்லாமல் இருப்பதும், தடயத்தை அழிப்பதும் சட்டத்தில் மாட்டிவிடும். மானத்தைக் காப்பாற்றப் போய்ச் சந்தேகத்தை வாசலுக்கு அழைத்து வரலாமா?

தடுக்க முடியுமா?

"நாங்க சம்மதிக்கலேன்னா விட்டுடுவாங்களா?" என்று கேட்பவர்கள் பலர். இதற்குப் பதில் இரண்டு விதம். ஏனென்றால் பரிசோதனையே இரண்டு விதம்.

போலீஸ் சட்டப்படி கேட்டுச் செய்யும் பரிசோதனைக்குக் குடும்பத்தின் சம்மதம் தேவையில்லை. போலீஸ் 61 என்ற பாரம் போனால் டாக்டர் செய்வார். அழுதும் ஆர்ப்பாட்டம் செய்தும் பயனில்லை, தாமதந்தான் ஆகும். மற்றொன்று, ஆஸ்பத்திரியில் இறந்தவருடைய நோயை நன்றாகத் தெரிந்துகொள்ள டாக்டர்கள் விரும்பிக் கேட்பது. இதற்கு நெருங்கிய உறவினரின் சம்மதம் வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆகவே ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், "ஐயா, இது போலீஸ் கேட்டதா, ஆஸ்பத்திரி கேட்டதா?" என்று முதலில் கேளுங்கள். மலாய் சரியாகப் படிக்கத் தெரியாதவர்கள் படித்த பிள்ளை ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள்.

அறுப்பது என்றதும் கண்டதுண்டமாக்கி விடுவார்கள் என்று நினைப்பது தவறு. முதலில் உடம்பை வெளியே முழுக்கப் பார்ப்பார்கள். சட்டமே, தேவைப்பட்டால்தான் திறந்து பார்க்கச் சொல்கிறது. கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியின் தடயவியல் பிரிவில் கத்தி வைக்காமல் ஸ்கேன் எடுத்துப் பார்க்கும் முறையும் இருக்கிறது. ஆனால் எல்லாச் சாவுக்கும் அது போதாது, எல்லா ஆஸ்பத்திரியிலும் அது இல்லை. திறந்து பார்த்தாலும் திரும்பத் தைத்துக் கழுவித்தான் கொடுப்பார்கள். எண்ணெய் வைத்து, குளிப்பாட்டி, கோடி போட்டு, வாய்க்கரிசி போட்டுச் செய்ய வேண்டிய எல்லாச் சடங்கையும் அதற்குப் பிறகும் செய்யலாம். கோலசிலாங்கூர் மாவட்டத்துக்குத் தஞ்சோங் காராங்கில் அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது. சிக்கலான விஷயமானால் சுங்கை பூலோ போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக நேரலாம். இதற்காக ஒரு நாள் தாமதமானால் செத்தவருடைய ஆத்மா சாந்தியடையாது என்று யாரும் கலங்க வேண்டாம்.

ஏழைக்கு அதுவே சாட்சி

பிரேதப் பரிசோதனை போலீசுக்காகச் செய்வது என்று நினைக்கிறோம். அது போலீசுக்கு எதிராகவும் பேசும். 2009 ஜனவரி 20இல் சுபாங் ஜெயா வட்டாரத்துப் போலீஸ் நிலையமொன்றில் காவலில் இருந்தபோது குகன் ஆனந்தன் என்ற வாலிபர் இறந்தார். நுரையீரலில் நீர் கோத்ததே காரணம் என்றது முதல் பரிசோதனை. குடும்பத்தார் அதை ஏற்காமல் இரண்டாவது பரிசோதனை கேட்டார்கள். மலாயாப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் செய்த அந்தப் பரிசோதனை, பலத்த அடிகளால் தசை சிதைந்து சிறுநீரகம் செயலிழந்ததைச் சொன்னது. அந்தத் தாய் தொடுத்த வழக்கில் 2013 ஜூனில் உயர்நீதிமன்றம் 801,700 வெள்ளி இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. அவசரப்பட்டு எரித்திருந்தால் இந்தத் தீர்ப்பு வந்திருக்குமா? காவலில் நேரும் சாவுக்கு மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம் என்கிறது 334ஆம் பிரிவு.

மற்ற நாட்டிலும் இப்படித்தான். இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் திடீர்ச் சாவு நேர்ந்தால் திடீர் மரண விசாரணை அதிகாரி என்று ஒருவர் விசாரிக்க வருவார். தமிழ்நாட்டில் கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் சந்தேகத்துக்கிடமாக இறந்தால் ஆர்.டி.ஓ. விசாரணை நடக்கும். புகுந்த வீட்டார் "அடுப்பு வெடிச்சிடுச்சு" என்று சொல்லி மூடி மறைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. வாயில்லாதவர் செத்தால் அவருக்காகக் கேட்க யாராவது வேண்டும் அல்லவா?

செய்ய வேண்டியவை

வீட்டில் மரணம் நேர்ந்தால் பதறாமல் இவற்றைச் செய்யுங்கள்.

உயிர் போய்விட்டதா என்பதில் கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் முதலில் 999க்குக் கூப்பிட்டு ஆம்புலன்ஸ் கேளுங்கள். பக்கத்துக் கிளினிக்குக்கும் போலீஸ் நிலையத்துக்கும் தகவல் கொடுங்கள். தோட்டத்தில் இருப்பவர்கள் ஆபீசுக்கும் சொல்லி வையுங்கள்.

இறந்தவரின் அடையாளக் கார்டு, கிளினிக் புத்தகம், ஆஸ்பத்திரிச் சீட்டு, சாப்பிட்டு வந்த மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். நீண்ட நாள் நோயாளிக்குத் தேவையில்லாத பரிசோதனையைத் தவிர்க்க இதைவிட நல்ல வழி கிடையாது.

காயம், விஷம், விபத்து என்று எந்தச் சந்தேகம் இருந்தாலும் போலீஸ் வரும்வரை பிரேதத்தைக் குளிப்பாட்டாதீர்கள், துணி மாற்றாதீர்கள். பக்கத்தில் கிடக்கும் போத்தல், மாத்திரை, கிளாஸ் எதையும் கழுவாதீர்கள், வீசாதீர்கள்.

கேட்கிறவரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். போன வாரம் விழுந்தார் என்றால் விழுந்தார் என்று சொல்லுங்கள். குடித்தார் என்றால் என்ன குடித்தார், எங்கே வாங்கினார் என்று சொல்லுங்கள். ஆளுக்கொரு கதை சொன்னால்தான் சந்தேகம் வளரும். நிதானமான உறவினர் ஒருவரே முன்னின்று பேசட்டும்.

பெர்மிட் கைக்கு வராமல் சுடுகாட்டுக்கோ இடுகாட்டுக்கோ எடுக்காதீர்கள். போலீஸ் புகார் நகலை வாங்கி வையுங்கள். பரிசோதனை நடந்திருந்தால் அறிக்கைக்கு ஆஸ்பத்திரியில் எழுதிக் கேளுங்கள். ரசாயன இலாகாவுக்கு மாதிரி அனுப்பியிருந்தால் முடிவு வர நாளாகும், சளைக்காமல் கேளுங்கள். வேலையோடு சம்பந்தப்பட்ட சாவானால் சொக்சோ ஆபீசுக்கும் சங்கத்துக்கும் தாமதமில்லாமல் தெரிவியுங்கள்.

பக்கத்து லயத்தில் இருக்கும் வங்காளதேசத்துக்காரர், இந்தோனேசியக்காரர் இறந்தாலும் இதே முறைதான். ஊரில் காத்திருக்கும் அவர் குடும்பத்துக்கும் உண்மை தெரிய வேண்டாமா?

கடைசியாக ஒன்று. சாவு வந்த பிறகு சீட்டைத் தேடினால் கிடைக்காது. உங்கள் வீட்டில் இனிப்புநீர்க்காரரோ ரத்தக் கொதிப்புக்காரரோ இருந்தால், அவருடைய கிளினிக் புத்தகமும் மருந்துச் சீட்டும் எங்கே இருக்கின்றன என்று இன்றைக்கே பாருங்கள். அவற்றை அடையாளக் கார்டு நகலோடு ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் மாட்டி வையுங்கள். கிளினிக் பக்கமே போகாதவர் இருந்தால், இந்த மாதம் ஒரு தடவையாவது கூட்டிப் போய் ரத்தம் சோதித்து வாருங்கள். அது பிரேதப் பரிசோதனையைத் தவிர்ப்பதோடு நில்லாமல், அந்தச் சாவையே சில வருஷம் தள்ளிப் போடவும் கூடும்.